மொக்கைப் படம்: நீண்ட நாள் வாடிக்கையாளரின் விமர்சனம்

நேற்று ராத்திரி ஒரு படத்தை ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஐம்பத்து மூன்று நிமிடம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் ஆறாவது நிமிடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் காரில் போகிறார்கள், மழை பெய்கிறது, அண்ணன் சொல்கிறான்: "உனக்கே தெரியும், அப்பா தீ விபத்தில் இறந்து இந்த மாசத்தோடு ஐந்து வருஷம் ஆகிறது." அவளுக்கே தெரியும் என்றால் அவளிடம் எதற்குச் சொல்கிறான்? எனக்குச் சொல்கிறான். தன் தங்கையோடு பேசுவதை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு வசனம் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று இருக்கிறது. நேற்று அதை மீறினேன், தண்டனையும் அனுபவித்தேன்.

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடுத்த வாரம் எனக்கே நினைவிருக்காது. அதனால் தனியாக ஒரு படத்தை எடுத்து அடிப்பதைவிட மொக்கைப் படம் என்கிற சரக்கையே மொத்தமாக எடுத்துக்கொண்டு விமர்சனம் எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுத எனக்கு என்ன தகுதி என்றால், இந்தச் சரக்கை நான் தெரியாமல் வாங்கி ஏமாந்தவன் மட்டும் இல்லை, வருஷக்கணக்கில் தேடித்தேடி வாங்கியவன். நாங்கள் நான்கு நண்பர்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஒரு மட்டமான படத்தைப் போட்டுக் கிண்டல் செய்து சிரிப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தோம். யார் ரொம்ப மோசமான படத்தைக் கொண்டுவருகிறார்களோ அவர்தான் அந்த வாரத்து ராஜா. ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவைத்தோம். பக்கம் பக்கமாக நிறைந்தது.

"மோசம், அதனாலேயே சூப்பர்" என்கிற இந்த ரசனை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1980இல் அமெரிக்காவில் மெட்வெட் சகோதரர்கள் மட்டமான படங்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். வாசகர்களிடம் ஓட்டு வாங்கி, எக்காலத்துக்கும் மோசமான படம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. அதற்கு அடுத்த வருடம், 1981இல், ஜான் வில்சன் என்பவர் தன் வீட்டு வரவேற்பறையில் ஆரம்பித்த கூத்துதான் ராஸி விருது, ஆஸ்கர் நேரத்தில் வருஷத்தின் மட்டமான படங்களுக்குக் கொடுப்பது. 1988இல் ஒரு டிவி நிகழ்ச்சி வந்தது, ஒரு ஆளும் இரண்டு ரோபோ பொம்மைகளும் திரையின் கீழ் ஓரத்தில் நிழலாக உட்கார்ந்து, ஓடுகிற படத்தை முழுக்க கலாய்ப்பார்கள். நாங்கள் நான்கு பேர் செய்ததை அவர்கள் தொழிலாகச் செய்தார்கள், எங்களைவிட நூறு மடங்கு நன்றாகவும் செய்தார்கள்.

எட் வுட் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பேலா லுகோசியை வைத்து வசனமில்லாமல் சில நிமிடக் காட்சிகளை அவர் எடுத்துவைத்திருந்தார். 1956இல் லுகோசி இறந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்தத் துண்டுகளைத் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள். இவர் அதைச் சுற்றி ஒரு முழுப் படத்தையே கட்டினார். மீதிக் காட்சிகளுக்குத் தன் மனைவிக்கு முதுகு வலி வைத்தியம் பார்த்தவரைக் கூட்டிவந்தார். அவர் லுகோசியைவிட உயரம், முகத்தில் ஒரு சாயலும் கிடையாது. அதனால் மனுஷன் படம் முழுக்க அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே நடந்தார். பார்க்கிறவனுக்குத் தெரியாமல் போய்விடும் என்று எட் வுட் நம்பியிருக்கிறார்! அந்த நம்பிக்கைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது, கொஞ்சம் பாசமும் வர வைக்கிறது.

1966இல் வந்த 'மேனோஸ்' கதையும் இதே ரகம். எடுத்தவர் உரம் விற்பனை செய்துகொண்டிருந்தவர், படம் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று ஒரு திரைக்கதை எழுத்தாளரிடம் பந்தயம் கட்டி இறங்கியவர். கையால் சாவி கொடுக்கிற கேமரா, ஒரே மூச்சில் முப்பத்திரண்டு வினாடிக்கு மேல் ஓடாது. ஒலிப்பதிவே செய்யவில்லை, பிறகு நாலைந்து பேர் சேர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். அப்புறம் 2003இல் 'தி ரூம்'. டாமி வைசோ எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தது. சுமார் அறுபது லட்சம் டாலர் செலவானதாகச் சொல்வார்கள், முதல் இரண்டு வார வசூல் வெறும் 1,800 டாலர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று அதன் நள்ளிரவுக் காட்சிகளுக்குக் கூட்டம் சேர்ந்து, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஸ்பூன் படம் திரையில் வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசுகிறார்கள்.

நான் கடைசியில் எங்கே ஏமாந்தேன் என்றால் இந்த மூன்று நான்கு படங்களைக் காட்டித்தான். மோசமான படம் பார்ப்பது ஜாலி என்று யார் சொன்னாலும் உதாரணத்துக்கு இவற்றைத்தான் சொல்கிறார்கள். ஏன் எப்போதும் இதே பெயர்கள்? வேறு இல்லை, அதனால்தான். எங்கள் நோட்டை ஒரு நாள் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நிஜமாகவே வயிறு வலிக்கச் சிரித்த படங்கள் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. மீதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை, பல பெயர்களைப் பார்த்தால் படம் என்ன கதை என்றுகூட ஞாபகம் வரவில்லை. அந்த ராத்திரிகளில் நாங்கள் சிரித்திருப்போம்தான், ஆனால் சிரித்தது நண்பர்கள் பேசிய பேச்சுக்கு. படத்துக்கு அதில் பங்கே கிடையாது. டிவியை அணைத்துவிட்டுப் பேசியிருந்தாலும் அதே சிரிப்பு வந்திருக்கும், இன்னும் நன்றாகக் காதில் விழுந்திருக்கும்.

நல்லவிதமாக மோசமாக இருப்பதற்கு (இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது) எடுத்தவர் உயிரைக் கொடுத்து எடுத்திருக்க வேண்டும், காவியம் எடுக்கிறோம் என்று நம்பியிருக்க வேண்டும், கூடவே திறமை துளியும் இருக்கக் கூடாது. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். சேராவிட்டால் கிடைப்பது சாதா மொக்கை, கடனே என்று எடுத்தது. அதில் கேமரா சரியாகத்தான் இருக்கும், ஒளி சரியாகத்தான் விழும், நடிகர்கள் வசனத்தை மறக்காமல் சொல்வார்கள், எதுவும் தடுக்கி விழாது. எதுவும் நடக்கவும் நடக்காது. சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது, திட்டக்கூட ஒரு பிடி கிடைக்காது. எழுத்தாளர் முதல் எடிட்டர் வரை எல்லோரும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும் நினைப்பில் வேலை பார்த்த படம். நேற்று நான் பார்த்தது அதுதான். என்னைக் கேட்டால் எட் வுட் ரகத்தைவிட இதுதான் ஆபத்து, ஏனென்றால் இதைப் பார்க்கும்போது மோசம் என்றே தோன்றாது, "பரவாயில்லை, போகட்டும், இனிமேல் சூடு பிடிக்கும்" என்றுதான் தோன்றும். இலவு காத்த கிளி மாதிரி உட்கார்ந்திருப்போம். கடைசியில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்.

வேண்டுமென்றே மோசமாக எடுக்கிற படங்கள் இன்னொரு தொல்லை. சூறாவளியில் சுறா பறந்து வருகிறது என்பது மாதிரி. தெருவில் விறைப்பாக நடந்துபோகிறவர் வழுக்கி விழுந்தால் சிரிப்பு வரும், பாவம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சிரிப்போம். நம் முகத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஒருவர் விழுந்தால்? முதல் தடவை புன்னகை, இரண்டாவது தடவை எரிச்சல். இந்தப் படங்கள் ஒன்றரை மணி நேரம் விழுந்துகொண்டே இருக்கின்றன. டிரெய்லர் பார்த்தாலே மொத்த நகைச்சுவையும் தீர்ந்துவிடுகிறது, மீதிக்கு நாம்தான் பாரம் சுமக்க வேண்டும்.

பெரிய செலவில் எடுத்த மோசமான படங்கள் தனி ஜாதி. பணம் கூடக்கூட படம் நன்றாக வரும் என்றுதான் நாம் நினைப்போம், பல சமயம் நேர்மாறாக நடக்கிறது. படம் எழுதி முடிப்பதற்குள் வெளியீட்டுத் தேதி முடிவாகிவிடுகிறது, பாதி எடுத்த பிறகு முடிவை மாற்றுகிறார்கள், சோதனைக் காட்சி போட்டுப் பார்த்துவிட்டு யாருக்கோ பிடிக்கவில்லை என்று நடுவில் ஒட்டுப் போடுகிறார்கள். 2019இல் வந்த 'கேட்ஸ்' படத்தை முதல் திரையிடலுக்கு முந்தைய நாள்தான் முடித்ததாக இயக்குநரே சொன்னார். தியேட்டருக்கு வந்து ஓரிரு நாளில், கிராஃபிக்ஸ் திருத்திய புதுப் பிரதி அனுப்புகிறோம், அதைப் போடுங்கள் என்று ஸ்டுடியோவே தியேட்டர்களுக்குச் சொன்னது. முதல் பிரதியில் பூனை வேஷத்தில் இருந்தவரின் மனிதக் கை மோதிரத்தோடு அப்படியே தெரிந்தது. முதல் நாளே போய்ப் பார்த்தவர்கள் பாதி வெந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் பழைய கதை 'ஹெவன்ஸ் கேட்', 1980. ஒரு கோடியே சொச்சம் டாலரில் முடிக்க வேண்டிய படம், நாலு கோடியே நாற்பது லட்சத்தில் போய் நின்றது. அமெரிக்காவில் வசூல் சுமார் முப்பத்தைந்து லட்சம். அடுத்த வருடமே அந்தப் படத்துக்குப் பணம் போட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் கைமாறியது. நடுவில் யாராவது நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றும். நிறுத்த முடியாது, ஏனென்றால் அதற்குள் இவ்வளவு போட்டாகிவிட்டது, இப்போது நிறுத்தினால் போட்டது எல்லாம் வீண், இன்னும் கொஞ்சம் போட்டு முடித்துவிடலாம். (அந்தப் படத்தை இன்று சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவுக்கு அதனால் என்ன பிரயோஜனம்.)

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் முகம்தான் தெரிந்தது. நேற்று ஐம்பத்து மூன்று நிமிடம் உட்கார்ந்ததற்கும் இதே கணக்குதான். இருபது நிமிடம் பார்த்தாயிற்று, இப்போது எழுந்தால் இருபது நிமிடம் வீண், சரி இன்னும் பத்து நிமிடம். நாற்பது நிமிடம் ஆயிற்று, இப்போது எழுந்தால் நாற்பது வீண். விட்டதைப் பிடிக்கிறேன் என்று சீட்டாட உட்கார்ந்தவன் நிலைமை. 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை நாடக டிக்கெட்டை வைத்தே சோதித்தார்கள். வருட நாடகச் சந்தா வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். பிறகு பார்த்தால், முதல் ஆறு மாதத்தில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்குப் போயிருக்கிறார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. தியேட்டரில் நாம் எழுந்து வராததற்கும் இதைத் தவிரப் பெரிய காரணம் இல்லை. டிக்கெட் காசு போனது போனதுதான், உட்கார்ந்தாலும் திரும்பாது, எழுந்தாலும் திரும்பாது. எழுந்தால் ஒன்றரை மணி நேரமாவது மிச்சம். இது கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் புரியும், ஆனாலும் வரிசை நடுவில் பத்து ஜோடி முழங்காலைத் தாண்டி வெளியே போக வேண்டுமே என்று நினைத்தவுடன் கணக்கு மறந்துவிடுகிறது.

வீட்டில் பார்க்கும்போது முழங்கால் தொல்லை இல்லை, ஆனால் வேறு வினை இருக்கிறது. ஒரு மொக்கையை முழுசாக ஓடவிட்டேன் என்றால், நான் பயன்படுத்துகிற செயலி அதை என் ரசனை என்று எழுதிவைத்துக்கொள்கிறது. ஒரு முறை காய்ச்சலில் படுத்திருந்தபோது ரிமோட் எட்டவில்லை, ஒரு பேய்ப் படம் தானாக ஓடி, அது முடிந்து இன்னொன்று தானாக ஆரம்பித்தது. அதற்கப்புறம் மூன்று மாசம் என் முகப்புப் பக்கம் முழுக்கப் பேய் பங்களாதான். ஒரே நிற போஸ்டர், ஒரே ஜன்னல், ஒரே கை.

"படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, நூற்றுக்கணக்கான பேர் உழைப்பு" என்று ஒரு வாதம் வரும். ஒத்துக்கொள்கிறேன். லைட் பிடித்தவர், துணி தைத்தவர், யாரையும் குறை சொல்லவில்லை. நடிகர்களைக்கூடச் சொல்ல மாட்டேன். 2010இல் சாண்ட்ரா புல்லக் ராஸி விழாவுக்கு நேரிலேயே போய் மோசமான நடிகை விருதை வாங்கினார், மறுநாள் இன்னொரு படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கினார். ஒரே ஆள், ஒரே வருஷத்து வேலை. எழுத்து விழுந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க எந்த நடிகராலும் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் உழைப்புக்கு மரியாதை என்பதற்காக என் இரண்டு மணி நேரத்தையும் அதில் சேர்த்து எரிக்க வேண்டுமா? அவர்களுக்காவது சம்பளம் வந்தது.

இன்னொரு வாதத்துக்கு என்னிடம் அவ்வளவு சுலபமான பதில் இல்லை. மோசம் என்று நீ எழுந்து வந்த படம் பின்னால் நல்ல படம் என்று ஆகிவிட்டால்? ஆகியிருக்கிறது. முதல் ராஸியிலேயே 'தி ஷைனிங்' படத்துக்காகக் குப்ரிக்கை மோசமான இயக்குநர் பட்டியலில் வைத்திருந்தார்கள், நாயகி ஷெல்லி டுவாலையும் சேர்த்துத்தான். டுவாலின் பெயரை 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், நாற்பது வருஷம் கழித்து. அதனால் மட்டமான படப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. விமர்சனங்களைத் திரட்டிப் போடுகிற ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தின் சதவீதத்தையும் பலர் மார்க் மாதிரி படிக்கிறார்கள், அது மார்க் இல்லை, எத்தனை விமர்சகர்கள் ஓகே சொன்னார்கள் என்கிற விகிதம். எல்லோரும் 'சுமாராக ஓகே' என்று சொன்னாலும் நூறு வரும், பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி மீதிப் பேர் காறித் துப்பினால் ஐம்பது வரும். எனக்கு அந்த ஐம்பதுதான் வேண்டும். ஒரு படம் புரியாமல் இருந்தாலோ, கோபம் வர வைத்தாலோ, அசௌகரியமாக இருந்தாலோ நான் எழுவதில்லை. அடுத்து என்ன ஆகிறது என்று எனக்கு ஒரு அக்கறையும் இல்லை, அதை எடுத்தவர்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை என்கிற இடத்தில்தான் எழுகிறேன். இதில் எப்போதாவது ஒரு நல்ல படத்தைத் தவறவிட்டிருப்பேன், பரவாயில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த விஷயத்தில் அப்படியே பலிக்கிறது. கதாபாத்திரம் முதுகைக் காட்டி நிற்கும்போது மட்டும் முக்கியமான வசனங்கள் வருகிறதா? அது எடுத்து முடித்த பிறகு ஒட்டியது, கதை புரியவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாதாரணமாக இரண்டு பேர் நின்று பேசுகிற காட்சியில் கேமரா சாய்ந்தே கிடக்கிறதா? 2000இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் எர்த்' கிட்டத்தட்ட முழுக்க இப்படித்தான், பார்த்து முடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவள் கதவைத் திறப்பதற்கு முன்பே வயலின் அழ ஆரம்பித்துவிட்டதா? என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது "உனக்கே தெரியும்" வசனம்தான். இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

ஸ்டார் கொடுக்க வேண்டும் இல்லையா, ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் எட் வுட்டுக்கும் உரம் விற்றவருக்கும். நண்பர்கள் கூட்டமாக இருந்து, ஏற்கெனவே பேர் வாங்கிய நாலைந்து படங்களில் ஒன்றைப் போட்டால் ஒரு ராத்திரி நன்றாகப் போகும், அதைத் தாண்டித் தோண்டாதீர்கள். தனியாகப் பார்ப்பதென்றால் கிட்டவே போக வேண்டாம். சினிமா படிக்கிறவர்கள் எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கலாம், அதற்கும் மூன்று படம் போதும், நாலாவதில் அதே தப்புகள்தான் திரும்ப வரும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை, வேண்டாத விருந்தாளியைச் சீக்கிரம் பேசச் சொல்வதற்குப் பதில் கதவைச் சாத்திவிடலாமே.

நேற்றுப் படத்தை நிறுத்தியதும் பழைய கூட்டத்தில் ஒருவனுக்கு மெசேஜ் போட்டேன். அவன் அதை ஏற்கெனவே முழுசாகப் பார்த்துவிட்டானாம். "டேய், கடைசி பத்து நிமிஷம் பார்க்காம எப்படிடா நிறுத்தினே? கொலைகாரன் யாருன்னு தெரியுமா? அப்பா! அவர் தீயில சாகவே இல்லை!" என்று எழுதியிருந்தான். நான் ஆறாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்தது. ஆனாலும் மணி ஒன்றரைக்குத் திரும்ப டிவியைப் போட்டு, அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தேன். அப்பா இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து நின்று, மகனைப் பார்த்து, "உனக்கே தெரியும்" என்று ஆரம்பித்தார்.